வலை இழுத்த வலியா, கவுட்டா? பெருவிரல் அல்லாத மூட்டுகளில் படம் எடுத்துக் கண்டுபிடிப்பது எப்படி

சீட்டில் "வலது மணிக்கட்டு, பழைய அடி" என்று மட்டும் எழுதியிருந்தது. பாம்பன் பக்கத்து ஆள், விசைப்படகில் போகிறவர், வயது நாற்பத்தைந்துக்கு மேல் இருக்கும். மணிக்கட்டு சிவந்து பளபளவென்று வீங்கியிருந்தது, எக்ஸ்ரே தட்டின் மேல் கையை வைத்ததுமே முகம் சுருங்கிவிட்டது. கயிறு இழுத்ததில் பிசகிவிட்டது, இரண்டு தடவை சுளுக்கு எடுத்தாச்சு, கட்டும் போட்டாச்சு, திரும்பத் திரும்ப வருகிறது என்றார். நான் படம் எடுத்தேன், எலும்பு முறிவு இல்லை என்று ரிப்போர்ட் போனது, அவரும் போய்விட்டார். ஐந்து மாதம் கழித்து அதே கையோடு திரும்பி வந்தபோது சும்மா பேச்சுக்கு, "அண்ணே, இது முதல்ல எப்ப வந்துச்சு?" என்று கேட்டேன். "மே மாசம் தம்பி. தடைக்காலம், படகு கரையில கெடந்துச்சு" என்றார்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது என்பது இந்தக் கரையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கயிற்றையே தொடாத மாதத்தில் கயிறு இழுத்த வலி எங்கிருந்து வரும்? அந்த ஒரு பதிலை வைத்துத்தான் ரேடியாலஜிஸ்ட், அதாவது படத்தைப் படித்து ரிப்போர்ட் எழுதும் மருத்துவர், மேற்கொண்டு தேடினார். கடைசியில் கவுட் என்று முடிவானது, அதாவது ரத்தத்தில் மிஞ்சிய யூரிக் ஆசிட் மூட்டில் படிகமாகப் படிந்து வரும் வீக்கம்.

நான் ராமநாதபுரத்தில் ஒரு ஸ்கேன் மையத்தில் வேலை பார்க்கிறேன், எக்ஸ்ரேயும் சிடியும் எடுப்பது என் வேலை. மருத்துவர் இல்லை. ஆனால் எந்தப் படம் எதற்கு உதவும், எந்தப் படத்துக்குக் காசு வீண் என்பது பல வருடம் பார்த்துப் பார்த்துப் பழகியிருக்கிறது. கவுட் என்றால் கால் பெருவிரல் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம், பெரும்பாலும் அது சரியும்கூட. ஆனால் மணிக்கட்டில் வந்தால், முழங்கையில் வந்தால், விரல் நுனி மூட்டில் வந்தால், முதுகில் வந்தால்? நம் ஊரில் அதற்கெல்லாம் ஏற்கெனவே ஒரு பெயர் தயாராக இருக்கிறது: வேலை வலி, வாயுப் பிடிப்பு, சுளுக்கு, எலும்புத் தேய்மானம். அந்தப் பெயரையே சீட்டிலும் எழுதி அனுப்பினால், படமும் அதற்கு மட்டும்தான் பதில் சொல்லும்.

படத்துக்கு முன்னால் ஒரு தாள்

சீட்டு வாங்கும் முன் ஒரு வெள்ளைத் தாளில் இதையெல்லாம் எழுதிக்கொள்ளுங்கள். வலி முதலில் வந்த மாதம். எத்தனை மணி நேரத்தில் உச்சத்துக்குப் போனது (கவுட் பெரும்பாலும் ராத்திரியில் தொடங்கி, ஒரே நாளுக்குள் போர்வை பட்டாலே உயிர் போகிற அளவுக்கு ஏறிவிடும்). எத்தனை நாளில் தானாக அடங்கியது. ஒரு வாரம், இரண்டு வாரம் என்றால் அது முக்கியமான தகவல், ஏனென்றால் தேய்மான வலி இப்படி வந்துவிட்டு முழுசாகப் போகாது. இடையில் சுத்தமாக வலியே இல்லாத மாதங்கள் இருந்ததா. எப்போதாவது கால் பெருவிரல் வீங்கி, கல் தடுக்கியது என்று விட்டுவிட்டோமா. சிறுநீரகக் கல் வந்ததுண்டா. அப்புறம் மாத்திரைகள். பிரஷருக்குக் கொடுக்கும் நீர் பிரிய வைக்கும் மாத்திரைகள், ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன், ஃபுரோசமைடு போன்றவை, யூரிக் ஆசிடை ஏற்றும். இதயத்துக்குத் தினமும் போடும் சின்ன ஆஸ்பிரினும் ஏற்றும். டிபி மருந்தில் உள்ள பைரசினமைடு நன்றாகவே ஏற்றும். இதைப் படித்துவிட்டு மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், பெயரை எழுதிக்கொண்டு போய்ச் சொன்னால் போதும்.

ரத்தத்தில் யூரிக் ஆசிட் பார்ப்பார்கள். டெசிலிட்டருக்கு 6.8 மில்லிகிராமைத் தாண்டினால் அது கரைந்து நிற்காமல் ஊசி ஊசியாகப் படியத் தொடங்கும் என்பது கணக்கு. ஆனால் இந்த எண்ணை மட்டும் நம்பி இரண்டு பக்கமும் ஏமாறலாம். கவுட் வந்து கொதித்துக்கொண்டிருக்கும் நாளில் எடுத்தால் அளவு சாதாரணமாகவே காட்டக்கூடும். வலி அடங்கி இரண்டு வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். இன்னொரு பக்கம், அளவு எட்டு இருந்தும் வாழ்நாளில் ஒரு தடவைகூட கவுட் வராத ஆட்கள் ஏராளம். அவர்களுக்கு முழங்கால் வலித்தால் அது தேய்மானமாகவும் இருக்கலாம், ரிப்போர்ட்டில் எட்டு என்று பார்த்ததும் கவுட் முத்திரை குத்திவிடக் கூடாது.

சூடை மீனும் நெத்திலிக் கருவாடும் தின்றதால்தான் இது என்று வீட்டில் ஒரு தீர்ப்பு சொல்வார்கள். மீனுக்கும் நண்டுக்கும் பீருக்கும் இதில் பங்கு உண்டுதான், ஆனால் பெரும்பாலானவர்களுக்கு மூல காரணம் சிறுநீரகம் யூரிக் ஆசிடைக் குறைவாக வெளியேற்றுவது. வெயிலில் நின்று தண்ணீர் குடிக்காமல் வேலை செய்தால் ரத்தத்தில் அளவு இன்னும் ஏறும். வாலிநோக்கம் உப்பளத்தில் வேலை செய்கிறவர்களுக்கும், நாள் முழுக்கப் படகில் இருக்கிறவர்களுக்கும் இதைச் சொல்லத் தேவையில்லை.

இன்னொன்று. வலி வேலை செய்யாத மாதத்தில் வந்தது என்பது நல்ல துப்பு. ஆனால் வேலை செய்த மூட்டு என்பதால் கவுட் இல்லை என்று ஆகிவிடாது, சொல்லப்போனால் நேர்மாறு. அடிபட்ட மூட்டிலும் தேய்ந்த மூட்டிலும்தான் யூரேட் (யூரிக் ஆசிட் படிகமாகப் படியும் உப்பு) எளிதாகப் படிகிறது. ஆகவே பாசி எடுக்கிற கையில், வலை இழுக்கிற மணிக்கட்டில், கவுட் வந்து உட்காருவதில் அதிசயம் ஒன்றுமில்லை.

எக்ஸ்ரேயில் என்ன தெரியும்

முதல் தடவை வீங்கும்போது எக்ஸ்ரேயில் சதை வீக்கம் தவிர ஒன்றும் தெரியாது. கவுட் எலும்பை அரித்து அது படத்தில் தெரிய வருடக்கணக்காகும். அதனால் "எக்ஸ்ரே நார்மல், கவுட் இல்லை" என்று யாராவது சொன்னால் அதில் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அப்படியென்றால் எதற்கு எடுப்பது? முறிவு இல்லை, சீழ் எலும்பைத் தின்னவில்லை, குருத்தெலும்பில் சுண்ணாம்பு இல்லை என்று பார்ப்பதற்கு. செலவு குறைவு, பத்து நிமிடம், தொண்டியிலும் கீழக்கரையிலும்கூட எடுத்துவிடலாம்.

எடுக்கும்போது இரண்டு கையையும் சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள். வலிக்காத கைதான் உங்களுக்கு அளவுகோல். முடிந்தால் இரண்டு பாதங்களையும் நேராக ஒன்று, சாய்வாக ஒன்று எடுக்கலாம், ஏனென்றால் மணிக்கட்டு வலி என்று வந்தவருக்குப் பாதத்தில் பழைய அரிப்பு கிடைப்பது நடக்கிற விஷயம்.

முற்றிய கவுட்டின் அரிப்பு பார்த்தால் மறக்காது. மூட்டின் நடுவில் இருக்காது, ஓரத்தில், சில சமயம் மூட்டைவிட்டுச் சற்றுத் தள்ளியே, துளைபோட்ட மாதிரி குழி இருக்கும். குழியின் விளிம்பு வெள்ளையாகக் கெட்டித்திருக்கும். அதன் மேல் உதடு ஒன்று வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும், தனுஷ்கோடி போகும் வழியில் கடல் அடியில் அரித்துவிட்டு மேல்மண் மட்டும் தொங்கிக்கொண்டு நிற்குமே, அந்த மாதிரி. இத்தனை அரிப்பு இருந்தும் இரண்டு எலும்புக்கும் நடுவில் உள்ள இடைவெளி ரொம்ப நாள் கெடாமல் இருக்கும், சுற்றியுள்ள எலும்பும் அடர்த்தி குறைந்து மங்கிப் போயிருக்காது. முடக்குவாதத்தில் இந்த இரண்டுமே சீக்கிரம் கெட்டுவிடும்.

இந்த வித்தியாசம் அதிகம் உதவுவது விரல் நுனி மூட்டில். மண்டபம் பக்கம் கடல்பாசி எடுக்கப்போகிற பெண்கள் விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு பாறையில் ஒட்டிய பாசியைப் பறிப்பார்கள்; அறுபது வயதில் அவர்கள் விரல் நுனி மூட்டெல்லாம் முடிச்சு முடிச்சாக இருப்பது சாதாரணம், தேய்மானம்தான். ஆனால் மாதவிடாய் நின்ற பிறகு யூரிக் ஆசிட் ஏறும், கூடவே பிரஷருக்கு நீர் மாத்திரையும் சேர்ந்தால், அந்த முடிச்சுக்குள்ளேயே கவுட் படிந்து ஒரு நாள் ஒற்றை விரல் மட்டும் சிவந்து எரியும், சில சமயம் சுண்ணாம்புக் குழம்பு மாதிரி வெள்ளையாக வெளியேயும் வரும். அப்படி ஒரு அப்பத்தாவை மூன்று இடத்தில் விரல் சீழ் என்று கீறிவிட்டிருந்தார்கள். படத்தில் தேய்மானமும் இருந்தது, அதன் ஓரத்திலேயே உதடு நீட்டிய குழியும் இருந்தது. ஒரே மூட்டில் இரண்டும் இருக்கலாம் என்பதை மனதில் வைத்துக்கொண்டுதான் விரல் படத்தைப் பார்க்க வேண்டும்.

தோளுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. தோள்பட்டையில் திடீரென்று வலி வந்து எக்ஸ்ரேயில் தசைநார் இருக்கும் இடத்தில் வெள்ளையாக ஒரு திட்டு தெரிந்தால், அது பெரும்பாலும் கால்சியப் படிவு, வேறு நோய். யூரேட் அவ்வளவு வெள்ளையாகத் தெரியாது. தோளில் கவுட் வருவது அபூர்வம்தான், ஆனால் வராமல் இல்லை.

அல்ட்ராசவுண்ட்: வலிக்காத பெருவிரலையும் பார்க்கச் சொல்லுங்கள்

என்னைக் கேட்டால் இந்தக் கரையில் இருக்கிறவர்களுக்கு அதிகம் உதவக்கூடியது இதுதான். கதிர்வீச்சு இல்லை, ஊசி போட வழிகாட்டும், மதுரை வரை அலைய வேண்டியதில்லை. ஆனால் வயிற்று ஸ்கேன் பார்க்கும் வளைந்த புரோபை (உடம்பின் மேல் வைத்துப் பார்க்கும் கருவி) வைத்து விரலைப் பார்த்தால் ஒன்றும் விளங்காது. அதிக அதிர்வெண் உள்ள நேரான புரோப் வேண்டும், மூட்டு பார்த்துப் பழகிய ரேடியாலஜிஸ்ட் வேண்டும். தேதி வாங்கும்போதே "மூட்டு அல்ட்ராசவுண்ட் பார்ப்பீங்களா?" என்று போனில் கேட்டுவிடுங்கள், கேட்பதில் வெட்கம் ஒன்றுமில்லை.

தேடுவது இதைத்தான். எலும்பின் மேற்பரப்பு திரையில் ஒரு வெள்ளைக் கோடாகத் தெரியும். அதன் மேல் குருத்தெலும்பு கறுப்புப் பட்டையாக இருக்கும். கவுட் இருந்தால் அந்தக் கறுப்புப் பட்டையின் மேல் விளிம்பில், அலை பின்வாங்கும்போது மணலில் விட்டுப்போகிற நுரை போல, இன்னொரு வெள்ளைக் கோடு ஒழுங்கில்லாமல் ஓடும். இரட்டைக் கோடு என்று ரிப்போர்ட்டில் எழுதுவார்கள். சாதாரணக் குருத்தெலும்பிலும் புரோப் செங்குத்தாக நிற்கும்போது மேலே மெல்லிய கோடு ஒன்று பளிச்சிடும். புரோபைக் கொஞ்சம் சாய்த்தால் அது மறைந்துவிடும், யூரேட் கோடு சாய்த்தாலும் நிற்கும். சாய்த்துப் பார்க்காமல் எழுதிய இரட்டைக் கோட்டை நான் அரை மனதோடுதான் நம்புவேன்.

வெள்ளை மேல் விளிம்பில் இல்லாமல் கறுப்புப் பட்டையின் நடுவிலேயே புள்ளி புள்ளியாக இருந்தால் அது போலிக் கவுட், கால்சியம் பைரோபாஸ்பேட் படிவு. வயதானவர்களின் மணிக்கட்டிலும் முழங்காலிலும் அதுதான் அதிகம், அச்சு அசல் கவுட் மாதிரியே வீங்கும், வைத்தியம் வேறு.

இந்த இரட்டைக் கோடு நன்றாகத் தெரிவது பெருவிரல் மூட்டிலும், முழங்காலை நன்றாக மடக்கி வைத்துத் தொடை எலும்பின் முன்பக்கக் குருத்தெலும்பைப் பார்க்கும்போதும்தான். மணிக்கட்டில் எலும்புகள் சின்னது, குருத்தெலும்பு மெல்லியது, கோடு தேடுவது கஷ்டம். அங்கே தெரிவது பெரும்பாலும் வீங்கிய சவ்வும், ஈரச் சர்க்கரை கட்டி கட்டியாக நின்ற மாதிரி யூரேட் திரளும். அதனால் வலி எங்கே இருந்தாலும் இரண்டு பெருவிரலையும் இரண்டு முழங்காலையும் சேர்த்துப் பார்க்கும்படி சீட்டில் எழுதி வாங்குங்கள். பாம்பன் அண்ணனுக்கு மாட்டியது அங்கேதான். மணிக்கட்டில் வீக்கம், நீர், அவ்வளவுதான். வாழ்நாளில் ஒரு நாளும் வலிக்காத இடது பெருவிரலில் கோடு தெளிவாக ஓடியது. "அங்க வலிக்கவே இல்லையே தம்பி" என்று அவர் காலை இழுத்துக்கொண்டது இப்போதும் நினைவிருக்கிறது.

முழங்கை முனையில் முட்டை மாதிரி நீர்ப்பை வீங்கியிருந்தால் வேலை சுலபம், மேலேயே இருக்கிறது. குதிகால் நரம்பு என்று நாம் சொல்லும் அந்தத் தடித்த தசைநாரில் கட்டி இருந்தால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். பரம்பரையாகக் கொழுப்பு அதிகம் உள்ள குடும்பங்களிலும் அங்கே அதே மாதிரிக் கட்டி வரும், அல்ட்ராசவுண்டில் பிரிப்பது சிரமம். கொழுப்புப் பரிசோதனை ரிப்போர்ட் இருந்தால் கூடவே கொண்டு போங்கள்.

ஊசி

படம் பற்றிய கட்டுரையில் ஊசி எதற்கு என்றால், படம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் உறுதியான சாட்சி மூட்டு நீர்தான். அமெரிக்க மருத்துவர்கள் மக்கார்ட்டியும் ஹாலண்டரும் 1961இல் காட்டிய வழி இன்றைக்கும் மாறவில்லை: நீரை எடுத்து, துருவ ஒளி நுண்ணோக்கியில் வைத்தால், ஊசி வடிவப் படிகங்கள் மின்னும். போலிக் கவுட்டில் படிகம் குட்டையாகச் சாய்சதுரமாக இருக்கும்.

ஒரே ஒரு மூட்டு, சூடாகச் சிவந்து வீங்கி, கூடவே காய்ச்சலும் இருந்தால் படத்துக்குத் தேதி வாங்கிக்கொண்டு காத்திருக்காதீர்கள், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கவுட்டிலும் காய்ச்சல் வரும், சீழ் மூட்டிலும் வரும், உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டும் ஈஎஸ்ஆர், சிஆர்பி என்ற ரத்த அளவுகள் இரண்டு நோயிலுமே ஏறும். எந்த எக்ஸ்ரேயும், எந்த எம்ஆர்ஐயும் இந்த இரண்டையும் நூறு சதவீதம் பிரித்துக் காட்டாது. நீரை எடுத்துப் படிகத்துக்கு ஒரு பங்கு, கிருமி வளர்ப்புக்கு ஒரு பங்கு அனுப்ப வேண்டும். படிகம் கிடைத்துவிட்டது என்பதால் கிருமி இல்லை என்றும் ஆகாது, இரண்டும் ஒரே மூட்டில் இருந்ததுண்டு. சர்க்கரை நோயாளி என்றால் இதில் விளையாடவே கூடாது.

மணிக்கட்டு மாதிரிச் சின்ன மூட்டில் அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டே ஊசி போட்டால் இரண்டு சொட்டு கிடைத்தாலும் போதும். கொஞ்சம்தான் வந்தது என்று கீழே கொட்டிவிடாமல் அதையே கண்ணாடித் துண்டில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

பச்சையாகத் தெரிவதெல்லாம் கவுட் இல்லை

டூயல் எனர்ஜி சிடி என்று ஒன்று இருக்கிறது. ஒரே இடத்தை இரண்டு வேறு சக்தியில், வழக்கமாக 80 கிலோவோல்ட்டிலும் 140 கிலோவோல்ட்டிலும், எடுப்பார்கள். எலும்பில் உள்ள கால்சியம் குறைந்த சக்தியில் ரொம்ப வெள்ளையாகத் தெரியும், யூரேட் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி நிற்கும். இந்த வித்தியாசத்தைக் கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு யூரேட்டுக்கு ஒரு நிறம் கொடுத்துவிடும், பெரும்பாலும் பச்சை. படம் பளிச்சென்று தெரிய ரத்தத்தில் ஏற்றும் கான்ட்ராஸ்ட் ஊசி தேவையில்லை. பார்க்க அழகாக இருக்கும், பாதம் முழுக்கப் பச்சைப் பச்சையாக. நோயாளிக்கே காட்டிப் புரிய வைத்துவிடலாம்.

ஆனால் அந்த அழகில் மயங்கி நானும் ஒரு காலத்தில் எல்லாவற்றையும் நம்பினேன். நகத்துக்கு அடியில் பச்சை வரும், அது கவுட் இல்லை. குதிகாலிலும் பாதத்திலும் தோல் காய்த்துப்போன இடத்தில் பச்சை வரும், அதுவும் கவுட் இல்லை. நம் கரையில் வருடக்கணக்காக வெறுங்காலோடு மணலில் நடந்த பாதங்கள், காய்ப்பு இல்லாத காலே கிடையாது, அதனால் உள்ளங்கால் ஓரமாகத் தோலோடு ஒட்டிய பச்சையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். உள்ளே பிளேட், ஸ்க்ரூ இருந்தாலும், எடுக்கும்போது காலை ஆட்டினாலும் பொய்யான நிறம் வரும். விலா எலும்பின் முன்பக்கக் குருத்தெலும்பிலும் முதுகுத் தட்டுகளிலும்கூட இப்படி ஏமாற்றும். மூட்டை ஒட்டியோ, தசைநாரில் திரளாகவோ, அரித்த குழிக்கு உள்ளேயோ இருக்கும் நிறம்தான் கணக்கு.

எதிர்த் தவறும் உண்டு. முதல் தடவை வீங்கி ஒரு சில வாரத்துக்குள் எடுத்தால் படிவு போதாமல் ஒன்றும் தெரியாமல் போகலாம். ரொம்பச் சின்னப் படிவு நிறமே காட்டாது. யூரிக் ஆசிட் குறைக்கும் மாத்திரையை நெடுநாளாகச் சாப்பிடுகிறவர்களுக்கும் கரைந்துபோயிருக்கும். ஆகவே புதிதாக வந்த வலிக்கு இதை முதலில் எடுப்பது காசைக் கடலில் போடுவது. எப்போது எடுக்கலாம் என்றால், பல மாதமாக வந்துபோகிறது, நீர் எடுக்க முடியாத இடம், அல்லது எடுத்தும் படிகம் கிடைக்கவில்லை, மருத்துவருக்குச் சந்தேகம் தீரவில்லை, அப்போது.

இதற்காகப் பெரிய ஊருக்குப் போவதானால் முன்பே போன் செய்து இரண்டு கேள்வி கேளுங்கள்: மிஷின் டூயல் எனர்ஜியா, கவுட்டுக்கான சாஃப்ட்வேர் அதில் இருக்கிறதா. மிஷின் இருந்து சாஃப்ட்வேர் இல்லாமல் திரும்பி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ராமநாதபுரத்திலிருந்து மதுரை சுமார் 110 கிலோமீட்டர், ராமேஸ்வரத்து ஆளுக்கு அதற்கு மேலும் ஐம்பத்தைந்து. ஒரு நாள் கூலி, ஒரு ஆள் துணை, பஸ் காசு. போய்ச் சேர்ந்த பிறகு "நாங்க சாதா சிடிதான் எடுப்போம்" என்றால் யாருக்குத்தான் கோபம் வராது? போகிறபோதே வலிக்கிற மூட்டோடு பாதங்களையும் சேர்த்து எடுக்கச் சொல்லி மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

முதுகும் இடுப்பும்

இங்கே அல்ட்ராசவுண்ட் எட்டாது. முதுகில் கவுட் வந்தால் பெரும்பாலும் கீழ் முதுகில், முள்ளெலும்புகளின் பின்பக்கச் சின்ன மூட்டுகளில் படியும். நரம்பை அழுத்திக் கால் மரத்துப்போகவும் செய்யும். முதலில் எடுப்பது எம்ஆர்ஐதான், எடுக்கவும் வேண்டும், ஏனென்றால் நரம்பு எவ்வளவு அழுந்தியிருக்கிறது என்பது அதில்தான் தெரியும். ஆனால் கவுட்டை எம்ஆர்ஐயில் அடையாளம் காண்பது சங்கடம். யூரேட் கட்டி ஒரு வகைப் படத்தில் மங்கலாகவும் இன்னொரு வகையில் எப்படி வேண்டுமானாலும் தெரியும், கான்ட்ராஸ்ட் கொடுத்தால் ஓரம் பளிச்சிடும். சீழ்க்கட்டியும் அப்படித்தான், புற்றுக் கட்டியும் அப்படித்தான். நம் நாட்டில் முதுகு அரித்திருந்தால் முதலில் டிபியைத்தான் நினைப்பார்கள், நினைக்கவும் வேண்டும். எலும்பு மஜ்ஜை முழுக்க நீர் கோத்து வீங்கியிருந்தால் கிருமி பக்கம் சந்தேகம் கூடும்.

ஏற்கெனவே கவுட் உள்ளவர், சிறுநீரகம் பழுதானவர், காதிலோ முழங்கையிலோ சுண்ணாம்பு மாதிரி வெள்ளையான யூரேட் கட்டி உள்ளவர் என்றால் அதை எம்ஆர்ஐ சீட்டிலேயே எழுதச் சொல்லுங்கள். அந்த ஒரு வரி இல்லையென்றால் படிக்கிறவர் மனதில் கவுட் வரவே வராது, நான் பார்த்த ஒரே ஒரு முதுகுக் கவுட்டிலும் அப்படித்தான் நடந்தது, கட்டி என்று பயந்து அந்தக் குடும்பம் இரண்டு வாரம் தூங்கவில்லை. கான்ட்ராஸ்ட் கொடுப்பதற்கு முன் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த அளவு) பார்த்தாக வேண்டும், கவுட் உள்ளவர்களில் நிறையப் பேருக்குச் சிறுநீரகமும் சுகமில்லாமல் இருக்கும்.

எம்ஆர்ஐக்குப் பிறகு சாதா சிடியில் ஓரம் கெட்டித்த அரிப்பு தெரியும், டூயல் எனர்ஜி இருந்தால் நிறமும் தெரியும், ஆனால் இறுதியில் சிடியில் பார்த்துக்கொண்டே ஊசியால் துண்டு எடுத்துத்தான் முடிவு செய்வார்கள். இந்த இடத்தில் ஒரு சின்ன விஷயம் பெரிய வேலையைக் கெடுக்கும்: எடுத்த துண்டை வழக்கம்போல ஃபார்மலின் என்ற பதப்படுத்தும் திரவத்தில் போட்டால் யூரேட் அதில் கரைந்துபோகும், லேபில் பார்க்கிறவருக்குப் படிகம் கிடைக்காது. கவுட் சந்தேகம் இருந்தால் ஒரு பகுதியைச் சுத்த ஆல்கஹாலில் போட்டு அனுப்ப வேண்டும். டாக்டரிடம் இதை நினைவுபடுத்துவது அதிகப்பிரசங்கம் மாதிரி இருக்கும், பரவாயில்லை, "கவுட்டான்னு பாக்கணும்னு லேப் சீட்டுல எழுதிருங்க சார்" என்று பணிவாகக் கேட்டால் அவருக்கே ஞாபகம் வந்துவிடும்.

கையில் என்ன எடுத்துப் போவது

பழைய பிலிம்கள் எல்லாம், ரிப்போர்ட் மட்டும் போதாது. வீங்கிய நாளில் போனில் எடுத்த போட்டோ. நீங்கள் மருத்துவரிடம் போகிற நாளில் வீக்கம் வடிந்திருக்கும், போட்டோவில் சிவப்பு இருக்கும். யூரிக் ஆசிட், கிரியாட்டினின், சர்க்கரை. மாத்திரை அட்டைகள். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ வேறு எங்கேயோ காட்டினாலும், சீட்டில் வெறுமனே "மணிக்கட்டு வலி" என்று இல்லாமல், "வந்துவந்து போகும் வீக்கம், கவுட்டா, போலிக் கவுட்டா, கிருமியா" என்று கேள்வியாக எழுதி வாங்குங்கள்.

ரிப்போர்ட் கைக்கு வந்ததும் கூகுளில் தேடி நீங்களே தீர்ப்பு எழுதாதீர்கள், ஆனால் இரண்டு வார்த்தை பார்க்கலாம். "கவுட்டுக்கு ஒத்துப்போகிறது" என்றால் படம் அப்படித்தான் இருக்கிறது, மற்ற விவரங்களோடு சேர்த்துப் பாருங்கள் என்று அர்த்தம். 2015இல் அமெரிக்க, ஐரோப்பிய மூட்டுவாத அமைப்புகள் சேர்ந்து வெளியிட்ட அளவுகோலில் இரட்டைக் கோட்டுக்கோ டூயல் எனர்ஜி நிறத்துக்கோ 4 மதிப்பெண், கை கால் எக்ஸ்ரேயில் கவுட் அரிப்புக்கு இன்னொரு 4, மொத்தம் 8 வந்தால் கவுட் என்று வகைப்படுத்துவார்கள். அது ஆராய்ச்சிக்காக உண்டாக்கியது, வலி வந்த கதை, ரத்த அளவு எல்லாவற்றுக்கும் அதில் தனித்தனி மதிப்பெண் உண்டு. படத்துக்கு எவ்வளவு இடம் கொடுத்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்வதற்காகச் சொன்னேன்.

மாத்திரை தொடங்கிய பிறகு மறுபடி படம் வேண்டுமா என்று கேட்பார்கள். மாதாமாதம் வேண்டாம். ரத்த அளவு 6க்குக் கீழே நின்றால் படிவு மெல்ல மெல்லக் கரையும், அல்ட்ராசவுண்டில் அந்த இரட்டைக் கோடு மங்கி மறைவதைப் பார்க்கலாம். மாத்திரையைப் பாதியில் விடுகிறவர்களுக்கு அதைத் திரையில் காட்டுவது நான் சொல்லும் அறிவுரையைவிட நன்றாக வேலை செய்கிறது.

பாம்பன் அண்ணன் அடுத்த தடைக்காலத்தில் வந்தார். கூட்டம் இல்லாத மத்தியான நேரம், ரேடியாலஜிஸ்ட் பெருவிரலில் புரோபை வைத்து அப்படியும் இப்படியும் சாய்த்துப் பார்த்தார். மேல் கோடு பாதிக்கு மேல் போயிருந்தது. மணிக்கட்டில் ஒரு எலும்பின் ஓரத்தில் இருந்த சின்னக் குழி மட்டும் அப்படியே இருந்தது. "இது போகாதா தம்பி?" என்றார். அரித்த எலும்பு லேசில் நிரம்பாதுண்ணே என்றேன். கையை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு, ஜூன் 15 கடலுக்குப் போகலாமா என்று டாக்டரிடம் கேட்கப் போனார்.